தொங்கினால் பலம்! குலுங்கினால்?

காளை வருகிறது.

வாடிவாசலுக்குப் பக்கத்தில் நின்ற வாலிபர் ஒருவர் பாய்ந்து அதன் திமிலைக் கட்டிக்கொள்கிறார். காளை எம்பிக் குதிக்கிறது. உடம்பை முறுக்குகிறது. வாலிபரின் கால் தரையில் இல்லை. அந்தரத்தில் தொங்குகிறார். தொங்கிக்கொண்டே குலுங்குகிறார்.

ஒரு துள்ளல்! இரண்டு! மூன்று!

மூன்று துள்ளலுக்கும் பிடியை விடாமல் இருந்துவிட்டால் அவருக்கு வெற்றி. இது 2017-ஆம் ஆண்டு வந்த ஜல்லிக்கட்டு விதி. மூன்று துள்ளல் தாங்க வேண்டும். அல்லது 15 மீட்டர் தூரம் காளையோடு ஓட வேண்டும். அல்லது 30 நொடி பிடித்திருக்க வேண்டும். கொம்பைத் தொடக்கூடாது. வாலைப் பிடிக்கக்கூடாது. திமிலை மட்டுமே பிடிக்கலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் உள்ள தச்சங்குறிச்சியில்தான் பெரும்பாலும் தமிழ்நாட்டின் ஆண்டு முதல் ஜல்லிக்கட்டு நடக்கிறது. விராலிமலையில் 2019 ஜனவரியில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்து விடப்பட்டன.

அந்த மூன்று துள்ளலைத் தாங்குவது எந்தப் பலம்?

காலின் பலம் அல்ல. விரல், மணிக்கட்டு, முன்கை, தோள், மார்பு ஆகியவற்றின் பலம். பழைய காலத்தில் இதைப் புஜபலம் என்றார்கள். தொங்கும்போதும் குலுங்கும்போதும் கை விடாமல் இருக்கும் பலம் அது.

இப்போது உடற்பயிற்சிக் கூடங்களில் இரண்டு விதக் கருவிகள் வந்திருக்கின்றன. ஒன்று, மேலே மாட்டித் தொங்கவிடும் வார். இன்னொன்று, மின்சாரத்தில் அதிரும் பலகையும் குண்டும். முதலாவது நம்மைத் தொங்க வைக்கிறது. இரண்டாவது நம்மைக் குலுக்குகிறது. காளை செய்கிற இரண்டு வேலையையும் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டது போல!

இந்த இரண்டில் எது நல்லது, எது வீண், எது ஆபத்து? மற்ற ஊர்களைவிடப் புதுக்கோட்டைச் சீமை வாலிபர்கள் இதைத் தெரிந்துகொள்வது அதிக அவசியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதவில் தொங்கிய கச்சை

ராண்டி ஹெட்ரிக் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் அதிரடிப் படையில் இருந்தார். 1997-இல் அவரும் சகாக்களும் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே ஒரு கிடங்கில் அடைந்து கிடக்க நேர்ந்தது.

உடற்பயிற்சி செய்ய இடமில்லை. இரும்பு இல்லை. ஆனால் கையின் பலம் குறையக்கூடாது.

ஹெட்ரிக்கின் மூட்டையில் மல்யுத்தக் கச்சை ஒன்று இருந்தது. தவறுதலாக வந்து சேர்ந்தது. அதன் ஒரு நுனியில் முடிச்சுப் போட்டார். முடிச்சைக் கதவின் மேல் பக்கம் வைத்துக் கதவைச் சாத்தினார். கச்சை தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தார். பிறகு கையால் தன் உடம்பைத் தானே இழுத்தார்.

பலே! தூக்குவதற்கு இரும்பு எதற்கு? தன் உடம்பே எடைக்கல் ஆகிவிட்டது.

அதன் பிறகு பாராசூட் வாரை வைத்துத் தைத்து அதைச் செம்மைப்படுத்தினார். இன்று உலகம் முழுவதும் விற்கிற டி.ஆர்.எக்ஸ். என்ற வார் இப்படிப் பிறந்ததுதான்.

இதில் சூட்சுமம் என்ன?

நாம் தரையில் தண்டால் எடுக்கும்போது உடம்பின் முழு எடையும் கையில் விழுவதில்லை. நூற்றுக்குச் சுமார் 64 பங்குதான் விழுகிறது. 60 கிலோ ஆள் என்றால் ஏறக்குறைய 38 கிலோ. மீதியைக் கால் தாங்குகிறது.

வாரில் இந்தக் கணக்கை நாமே மாற்றிக்கொள்ளலாம். நிமிர்ந்து நின்று லேசாகச் சாய்ந்தால் கைக்குப் பாரம் குறைவு. காலை முன்னே தள்ளித் தள்ளி வைத்து உடம்பைக் கிடையாக்கினால் பாரம் கூடிக்கொண்டே போகும். பத்து வயதுப் பையனுக்கும் அதே வார்தான். பயில்வானுக்கும் அதே வார்தான்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. தரை அசையாது. வார் அசையும். கை வைத்த இரண்டு பிடியும் ஆளுக்கு ஒரு பக்கம் நழுவப் பார்க்கும். அதை அடக்குவதற்குத் தோளைச் சுற்றி உள்ள சின்னச் சின்னத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் வேலை செய்தே ஆகவேண்டும். தசைகளின் மின்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்திச் சோதித்தார்கள். தரையில் எடுக்கும் தண்டாலைவிட வாரில் எடுக்கும் தண்டாலுக்கு வயிற்றுத் தசை அதிகம் உழைக்கிறது என்று தெரிந்தது.

அமெரிக்காக்காரர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் யாரும் தொங்கியதில்லையா? தொங்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலிவ் குத்ரி ஸ்மித் என்ற ஆங்கில மாது, அடிபட்டவர்களின் கையையும் காலையும் கயிற்றில் தொங்கவிட்டுப் பயிற்சி கொடுத்தார். அதற்கென்று ஒரு சட்டம் அமைத்தார். பிசியோதெரபி படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அவர் பெயரால் அந்தச் சட்டத்தைப் பற்றிப் படிக்கிறார்கள்.

நம் நாட்டிலோ மல்லர் கம்பம் இருக்கிறது. அதில் ஒரு வகை கயிற்றில் தொங்கிச் செய்வது. விழுப்புரம் பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். கால் பெருவிரல் இடுக்கில் கயிற்றைப் பிடித்து அவர்கள் மேலே போவதைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும்.

கப்பலில் ஒரு ஒட்டகம்

இனி, குலுக்கும் யந்திரத்துக்கு வருவோம்.

இது புதிது என்று நினைக்காதீர்கள். சுவீடன் நாட்டு டாக்டர் குஸ்டாவ் சாண்டர் 1865-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு நிலையம் திறந்தார். அங்கே நீராவியால் ஓடும் யந்திரங்கள் மனிதர்களைத் தட்டின, உருட்டின, குலுக்கின. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் ஒரு உடற்பயிற்சி அறை இருந்தது. அதில் மின்சாரக் குதிரை உண்டு. மின்சார ஒட்டகமும் உண்டு! சீமான்கள் அதன்மேல் உட்கார்ந்து நடுக்கடலில் ஒட்டகச் சவாரி செய்தார்கள்.

பிரான்சு தேசத்தின் பெரிய நரம்பு டாக்டர் ஷார்கோ. அவரிடம் நடுக்கவாதக்காரர்கள் வருவார்கள். "ரெயிலிலும் குதிரை வண்டியிலும் வெகுதூரம் குலுங்கி வந்தால் உடம்பு இலேசாகிறது" என்று சொல்வார்கள். உடனே அவர் ஒரு குலுங்கும் நாற்காலி செய்தார். 1892-இல் அதைப் பற்றிப் பிரசங்கமும் செய்தார்.

120 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலரைக் குலுங்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிலரைக் குலுங்காத சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சுகம் ஒரே மாதிரி! குலுக்கலைவிட ஓய்வுதான் வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் குலுக்கலில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது.

டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டுகிறார். கால் தானாக உதைக்கிறது. ஏன்? தசை திடீரென்று இழுபட்டது. "என்னை இழுக்கிறார்கள்" என்று அது முதுகுத் தண்டுக்குச் செய்தி சொன்னது. "சுருங்கு" என்று பதில் வந்தது. மூளையைக் கேட்காமலே இந்தக் காரியம் முடிந்துவிடுகிறது.

அதிரும் கருவி இந்தச் சுத்தி வேலையை நொடிக்கு 30 தடவை செய்கிறது. தசை 30 தடவை நூலிழை இழுபடுகிறது. சுருங்கு, சுருங்கு என்று பதில் வந்துகொண்டே இருக்கிறது. சுவீடன் நாட்டு நிபுணர்கள் எக்லண்ட், ஹாக்பார்த் இருவரும் 1966-இல் இதை விளக்கினார்கள். 1980-களில் சோவியத் ருஷியாவின் விளாடிமிர் நசரோவ் இதை ஜிம்னாஸ்டிக் வீரர்களின் பயிற்சியில் புகுத்தினார்.

1999-இல் வெளியான ஒரு சோதனை சுவையானது. இத்தாலியைச் சேர்ந்த போஸ்கோவும் கூட்டாளிகளும் 12 குத்துச் சண்டை வீரர்களை அழைத்தார்கள். ஒரு கையில் மட்டும் அதிரும் குண்டைக் கொடுத்தார்கள். நொடிக்கு 30 அதிர்வு. ஒரு நிமிடம் வீதம் ஐந்து தடவை. மறு கை சும்மா இருந்தது. பிறகு இரண்டு கையையும் சோதித்தார்கள். அதிர்ந்த கைக்குத் திறன் கூடியிருந்தது!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது அந்த நேரத்துப் பலன். சூடான தோசைக்கல் போல. அடுப்பை அணைத்தால் ஆறிவிடும். பல வாரம் தொடர்ந்து செய்தால் பலம் நிலையாகக் கூடுமா என்று நிறையச் சோதனைகள் நடந்தன. சிலவற்றில் கொஞ்சம் கூடியது. சிலவற்றில் அதிராத குண்டைத் தூக்கியவர்களும் அதே அளவு பலம் பெற்றார்கள். பலகைமேல் சும்மா நின்றால் தோள் புடைக்கும் என்று சொல்லும் விளம்பரத்தை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

கையில் பலம் ஏற்ற இரும்பைத் தூக்கும் பழைய வழி இன்றும் தோற்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் நெம்மேலிப்பட்டியில் பிறந்த அனுராதா 2019-இல் சமோவா தீவில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் 87 கிலோ பிரிவில் தங்கப் பதக்கம் வாங்கினார். போலீஸ் இலாகாவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே வாங்கினார். பெண்ணுக்கு எதற்குப் புஜபலம் என்று கேட்கிற பெரியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதே வேகம்!

இப்போது, பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்தச் சங்கதி.

புதுக்கோட்டை மாவட்டம் பாறை பூமி. நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் பாறையைக் குடைந்து கோயில் செய்த பூமி. இன்றும் திருமயம் முதலிய பகுதிகளில் கல் குவாரிகள் உள்ளன. அங்கே வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போட வேண்டும். தமர் அடிப்பது என்பார்கள். காற்று அழுத்தத்தில் ஓடும் ஜாக்ஹாமரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த யந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 2,000 அடி அடிக்கும். நொடிக்குக் கணக்குப் போடுங்கள். 33!

உடற்பயிற்சிக் கூடத்தில் குண்டு அதிரும் அதே வேகம்தான். அங்கே காசு கொடுத்து ஐந்து நிமிடம் வாங்குகிற குலுக்கலை, இங்கே ஒரு தொழிலாளி மணிக்கணக்கில் வாங்குகிறார். அதுவும் பல மடங்கு முரட்டுத்தனமாக!

அந்தக் கைக்கு என்ன ஆகிறது? இத்தாலியில் லோரிகா என்ற டாக்டர் 1911-இலேயே சொன்னார். 1918-இல் அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்துக் கல் வேலைக்காரர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர் நேரில் பார்த்தார். காற்றுச் சுத்தி பிடித்தவர்களின் விரல்கள் குளிர்ந்த காலையில் சவம் போல வெளுத்திருந்தன. விரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிப் போனதுதான் காரணம். ஊசியால் குத்தினாலும் விரலில் உணர்ச்சி இல்லை.

நம்முடையது வெயில் தேசம். இங்கே விரல் வெளுப்பது குறைவு. அதனால் நோய் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நரம்பு கெடுவதற்குக் குளிர் வேண்டியதில்லை. முதலில் வேலை முடிந்த பிறகு விரல் ஜிவ்வென்று இருக்கும். பிறகு இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலையும். சட்டைப் பொத்தான் போட வராது. கடைசியில் பிடி தளர்ந்துவிடும். ஆரம்பத்திலேயே அதிர்வை நிறுத்தினால் விரல் தேறக்கூடும். முற்றிவிட்டால் போன உணர்ச்சி திரும்புவது அரிது.

ஐரோப்பிய நாடுகள் 2002-இல் இதற்கு ஒரு வரம்பு கட்டின. கைக்கு வரும் அதிர்வை அளந்து, 8 மணி நேர வேலைக்கு 5 அலகுக்கு மேல் கூடாது என்றன. அதில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் பாதி ஆகாது. கால் பங்குதான் ஆகும். 10 அலகு அதிரும் யந்திரத்தை 2 மணி நேரம்தான் பிடிக்கலாம். 20 அலகு என்றால் அரை மணி! பாறை துளைக்கும் யந்திரங்கள் 10 அலகைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் தமர் அடித்த வாலிபர் மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார். தோள் பெருக்க வேண்டும் என்று அதிரும் குண்டைப் பிடிக்கிறார். பட்ட கையிலேயே மறுபடியும் படுகிறது. பொங்கல் வந்ததும் வாடிவாசலில் நிற்கிறார். தோள் என்னவோ மலைபோல இருக்கிறது. ஆனால் திமிலில் பதிந்த விரலுக்கு உணர்ச்சி குறைவு. பிடி நழுவுகிறது என்று விரல் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? கீழே விழுந்த பிறகு தெரியும். அப்போது கொம்பு எந்தப் பக்கம் இருக்குமோ!

ஆகவே கல் வேலை, தமர் வேலை, அறுப்பு யந்திர வேலை செய்கிறவர்கள் அதிரும் கருவியைத் தொடவே வேண்டாம். அவர்கள் கோட்டா பகலிலேயே தீர்ந்துவிட்டது. விரல் மரத்தால், "வேலைக் களைப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். என்ன யந்திரம் பிடிக்கிறோம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு பேர் யந்திரத்தை மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒவ்வொருவருக்கும் அதிர்வு படும் நேரம் பாதியாகும். மழுங்கிய உளியை உடனே மாற்றுவதும் நல்லது. சாதாரணக் கையுறை இந்த அதிர்வைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பீடி, சிகரெட்டு விரலின் இரத்தக் குழாயை இன்னும் சுருக்கும்.

மற்றவர்கள் அதிரும் பலகையில் ஏறலாமா? ஏறலாம். ஆனால் கர்ப்பிணிகள், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், இரத்தக் கட்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

வேப்பமரக் கிளை போதும்

தொங்குவதற்கு அதிகச் செலவு இல்லை. விலை கொடுத்து வார் வாங்க வசதி இல்லாதவர்கள் கொல்லையில் உள்ள வேப்பமரத்தைப் பார்க்கலாம். பச்சையான, தொடைப் பருமன் உள்ள கிளையாக இருக்க வேண்டும். முருங்கை வேண்டவே வேண்டாம். முறிந்துவிடும்.

உறுதியான கயிற்றை இரண்டு சுருக்காகத் தொங்கவிடுங்கள். கை பிடிக்கும் இடத்தில் மூங்கில் துண்டு செருகிக்கொண்டால் உள்ளங்கை தேயாது. நீங்கள் தொங்குவதற்கு முன் உங்கள் எடைக்கு மேல் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். முடிச்சும் கிளையும் தாங்குகிறதா என்று அது சொல்லிவிடும்.

முதல் வாரம் நின்றபடி சாய்ந்து உடம்பை இழுத்தால் போதும். பத்துத் தடவை, மூன்று சுற்று. வாரம் மூன்று நாள். பிறகு ஒரு சாண் காலை முன்னே வையுங்கள். அடுத்த வாரம் இன்னொரு சாண். முதுகு வளையக்கூடாது. இடுப்பு தொய்யக்கூடாது. தோள் ஒரு தடவையாவது மூட்டு விலகியவர்கள் இதைத் தாமாகச் செய்யக்கூடாது.

அதன் பிறகு கால் தரையில் படாமல் தொங்கிப் பழகலாம். முதலில் பத்து எண்ணும் வரை. பிறகு இருபது, முப்பது.

இதை எழுதுவதற்கு முன் நானும் ஒரு கிளையில் தொங்கிப் பார்த்தேன். மரம் ஆடவில்லை, துள்ளவில்லை, முட்டவும் வரவில்லை. அப்படியும் இருபது எண்ணுவதற்குள் கை விட்டுவிட்டது. மூன்று துள்ளல் தாங்கியவருக்கு ஒரு சைக்கிளும் பீரோவும் கொடுக்கிறார்களே, அது ஒன்றும் அதிகமில்லை.